அயர்லாந்துக்கு ஒரு மூக்குக்கண்ணாடி

கேத்தரின் கைக்குக் கேமரா வந்து சேர்ந்தது கோவிட் காலத்தில், வேறு யாரும் முன்வராததால். பினாங்கில் தேவாலயங்கள் மூடிக் கிடந்த மாதங்கள் அவை. ஞாயிறு தமிழ்ப் பூசையை இணையத்தில் காட்டலாம் என்று பங்குச் சாமியார் முடிவு செய்தார். காட்டுவதற்கு ஆள் இல்லை. பாடகர் குழுவில் இருந்த கேத்தரினிடம் நல்ல கைப்பேசி இருந்தது. அவ்வளவுதான் தகுதி. முதல் வாரம் பூசை முழுக்க மக்கள் பார்த்தது ஒரு மின்விசிறியையும் சாமியாரின் பாதித் தலையையும்தான். மெல்போர்னில் இருந்த உறவுக்காரர் ஒருவர், "விசிறி நல்லா ஓடுது" என்று கீழே எழுதியிருந்தார்.

அடுத்த வாரம் ஒரு முக்காலி வந்தது. அதற்குப் பிறகு யாரோ கொடுத்த பழைய கேமரா. ஒரு காட்சியிலிருந்து இன்னொரு காட்சிக்கு மாறுவதைக் கேத்தரின் தானே தட்டித் தடவிக் கற்றுக்கொண்டார். அப்போது அவர் கடலுக்கு அக்கரையில், ஜுருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், ஏற்றுமதிப் பிரிவில் குமாஸ்தா. வீடு தீவில், ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி. தொழிற்சாலைப் பேருந்தில் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் ஜன்னலைத் திரையாகப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. லாரி ஒன்று உள்ளே நுழைந்து, கடலை மறைத்து, மறுபடி விலகும் வரை காத்திருப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பேசிக்கொண்டே வருவார். கேத்தரின் தலையை மட்டும் ஆட்டுவார்.

கட்டுப்பாடுகள் தளர்ந்து மக்கள் கோயிலுக்குத் திரும்பிய பிறகு, ஒரு ஞாயிறு பிரசங்கத்தின் நடுவே முன்வரிசைக் குழந்தை ஒன்று பக்கத்தில் இருந்தவரின் மூக்கைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தது. கேத்தரின் கேமராவை அந்தப் பக்கம் திருப்பினார். அதற்குப் பிறகு திருப்பி எடுக்க மனம் வரவில்லை. பின்னால் பிரசங்கம் ஒலிக்க, திரையில் குழந்தையும் மூக்கும் மட்டும். பங்குப் பேரவையில் அது ஒரு விவகாரமாகவே ஆகிவிட்டது. சாமியார் கேத்தரினைக் கூப்பிட்டார்.

"பிள்ளை அழகாத்தான் இருந்திச்சு, கேத்தரின். நானே அப்புறம் போட்டுப் பார்த்தேன். ஆனா என் பிரசங்கம் முடிஞ்ச பிறகு காட்டியிருக்கலாம்லா."

"முடிஞ்ச பிறகு அது தூங்கிருச்சு, ஃபாதர்."

சாமியார் சிரித்துவிட்டார். விவகாரம் அத்தோடு முடிந்தது.

ஐம்பத்து மூன்று வயதில் தொழிற்சாலை விருப்ப ஓய்வு கொடுத்தபோது கேத்தரின் யோசிக்காமல் எடுத்துக்கொண்டார். கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மகள் மிஷெல், "இனிமே என்னம்மா செய்யப் போறீங்க, கேக் கிளாஸா?" என்று கேட்டாள். கேத்தரின் மழுப்பிவிட்டார். ஏற்கெனவே ஓர் இடத்துக்கு விண்ணப்பம் போய்விட்டிருந்தது. அயர்லாந்தின் மேற்குக் கரையில் கால்வே என்று ஓர் ஊர். அங்கே கோடைக்காலத்தில் ஐந்து வாரம் சினிமாவும் ஊடகமும் கற்றுக்கொடுக்கிறார்கள். வயது வரம்பு கிடையாது என்று அறிவிப்பில் ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் படித்த நாளிலிருந்து அவருக்கு வேறு எதிலும் கவனம் செல்லவில்லை.

தானே எடுத்த ஒரு சிறு காட்சியை அனுப்ப வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கணவர் அந்தோணிராஜ் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். தீவில் லைசென்ஸ் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் தன்னிடம் படித்தவர்கள் என்பது அவருடைய கணக்கு. கேத்தரின் ஒருநாள் பயிற்சிக் காரின் பின்னிருக்கையில் ஏறி, முன்னிருக்கைகளுக்கு நடுவே கேமராவை நீட்டி, ஒரு பெண்ணின் முதல் பாடத்தைப் படம் பிடித்தார். அந்தோணிராஜின் குரல் பொறுமையாக, "மெதுவாம்மா, அவசரமே இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தது. அவருடைய கால் மட்டும் தன் பக்கத்து பிரேக்கின் மேல், பூனை எலியைப் பார்ப்பதுபோல் பதுங்கி நின்றது. கேத்தரின் அந்தக் காலை மட்டும்தான் காட்டினார். இடம் கிடைத்துவிட்டது.

சாப்பாட்டு மேசையில் விஷயத்தைச் சொன்னபோது அந்தோணிராஜ் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

"அயர்லாந்தா?"

"ஆமா. ஜூலையில. அஞ்சு வாரம்."

"அங்க எந்தப் பக்கம் காடி ஓட்டறாங்க?"

"நம்ம மாதிரி இடப்பக்கம்தான்."

அவர் முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "அப்ப போய்ட்டு வா. ரோடு தாண்டறதுல பிரச்சினை இல்ல."

கேத்தரின் எழுந்து போய் இன்னொரு துண்டு மீன் கொண்டுவந்து அவர் தட்டில் போட்டார்.

*

கால்வேயில் மழை பினாங்கு மழை மாதிரி கொட்டித் தீர்த்துவிட்டுப் போவதில்லை. நாள் முழுக்க முகத்தில் தெளித்துக்கொண்டே இருக்கும். அதை யாரும் மழை என்றே சொல்லவில்லை. வீதிகளில் கதவுகளுக்கு விதவிதமாகச் சாயம் அடித்திருந்தார்கள். இரவுச் சாப்பாடு முடிந்த பிறகும் வெயில் அடித்தது. கேத்தரின் தங்கியிருந்த மாணவர் விடுதியில், மற்றவர்கள் எல்லோரும் அவருடைய மகளைவிட இளையவர்கள்.

அவர்களில் இரண்டு பேர் அவருடைய குழுவில் இருந்தார்கள். டோனல் அந்த ஊர்ப் பக்கத்துப் பையன். நெட்டை, ஒல்லி, சிவப்புத் தலைமுடி. பிரேசிலில் இருந்து வந்த லூசியா கேமராவைத் தோளிலிருந்து இறக்கவே மாட்டாள். முதல் வாரம் ஒருநாள் இருவரும் ரொட்டியை வெறுமனே கடித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், கேத்தரின் விடுதிச் சமையலறையில் கோழிக் கறி வைத்தார். வாசனைக்கு அந்த மாடி முழுவதும் கூடிவிட்டது. டோனல் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு அவரை 'மாமி' என்று கூப்பிட ஆரம்பித்தான். அந்த ஊரில் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். கேத்தரினுக்கு அப்பாவின் தங்கை ஞாபகம் வந்து சிரிப்பு அடங்கவில்லை.

ஆனால் அந்தக் கறியில்தான் சிக்கல் தொடங்கியது. அடுத்த வாரம் குழுவாக ஒரு குறும்படம் எடுக்கச் சொன்னார்கள். டோனல் இயக்கம், லூசியா ஒளிப்பதிவு. கேத்தரினுக்கு என்ன வேலை என்ற பேச்சு வந்தபோது, இருவரும் ஒரே நேரத்தில் சாப்பாடும் உடையும் என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். கேத்தரினும் சரி என்றார். அந்த வாரம் முழுக்க மழையில் கேமராவுக்குக் குடை பிடித்தார். நடிகருக்குப் பொத்தான் தைத்தார். மதியத்துக்குக் கட்டுச்சோறு கட்டினார். படம் முடிந்ததும் டோனல் அவரைக் கட்டிப்பிடித்து, மாமி இல்லாவிட்டால் படமே இல்லை என்றான். கேத்தரின் அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார்.

பினாங்கில் விடியும்வரை காத்திருந்து வீட்டுக்கு வீடியோ அழைப்புப் போட்டார்.

"பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார் வழக்கம்போல.

"ஆச்சு. நீ ஏன் மூஞ்சிய அப்படி வச்சிருக்கே?"

கேத்தரின் சொன்னார். அந்தோணிராஜ் முழுதும் கேட்டுக்கொண்டார்.

"நீ அவங்ககிட்ட வாயத் தொறந்து கேட்டியா?"

"இல்ல."

"கேக்காம எப்படித் தெரியும்லா? என் ஸ்டூடண்டு சிக்னல் போடாம திரும்பினா பின்னால வர்றவன் என்ன செய்வான்?" பிறகு அவர் எழுந்து குளிர்பெட்டிப் பக்கம் போனார். "ஆங், இதப் பாரு. உன் கண்ணாடி இங்கதான் இருக்கு. ஃபிரிஜ்ஜுக்கு மேல வச்சுட்டுப் போயிட்டே. இப்ப என்ன செய்யறது? கொண்டாந்து குடுக்கட்டா?"

அவர் கண்ணாடிக் கூட்டைத் தூக்கிக் காட்டிக்கொண்டு, செருப்பு மாட்டப் போகிறவர் மாதிரி வாசல் பக்கம் இரண்டடி வைத்தார். விளையாட்டுக்குத்தான். கேத்தரின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அழ வந்தது அப்படியே நின்றுவிட்டது.

"இருங்க," என்றார். "நான் அப்புறம் கூப்பிடறேன்."

மறுநாள் காலை வகுப்பில் ஆசிரியை நோரா கடைசிப் படத்தைப் பற்றிப் பேசினார். யாரிடம் கதை இருக்கிறதோ அவர் சொல்லலாம், குழு ஏற்றுக்கொண்டால் அவரே இயக்கலாம். கேத்தரின் கையைத் தூக்கினார். முதலில் டோனலையும் லூசியாவையும் பார்த்துத் தன் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்.

"உங்க ரெண்டு பேரையும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனா நான் இவ்வளவு தூரம் சமைக்க வரல. படம் எடுக்க வந்தேன். இந்தத் தடவை நான்தான் டைரக்டர்."

டோனலின் காது அவன் முடியைவிடச் சிவந்துவிட்டது. "மன்னிச்சுக்கங்க, மாமி. நாங்க கேக்கவே இல்ல," என்றான்.

"நானும் சொல்லல," என்றார் கேத்தரின்.

பிறகு கதையைச் சொன்னார். பினாங்கில் ஒருவர். மனைவி வெளிநாடு போய்விட்டார், கண்ணாடியை மறந்து. அவர் அதை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்புகிறார், பக்கத்துத் தெருவுக்குப் போகிறவர் மாதிரி. நடக்கிறார், நடக்கிறார். ஒரு கதவைத் திறந்து உள்ளே போகிறார். கதவின் மறுபக்கம் கால்வே.

நோரா கேட்டார்: "அந்தக் கணவர் எங்கே இருக்கிறார்?"

"பினாங்கில்."

"நடிப்பாரா?"

"இன்னும் அவருக்குத் தெரியாது," என்றார் கேத்தரின்.

அன்று மதியம் டோனல் தன் கையால் செய்த சாண்ட்விச்சை எல்லோருக்கும் கொடுத்தான். லூசியா பாதியைச் சாப்பிட்டுவிட்டு மீதியைக் கரையோரத்து அன்னப்பறவைகளுக்குப் போட்டாள். அவையும் கொஞ்சம் யோசித்தன.

*

பினாங்கில் அந்தோணிராஜின் பால்ய நண்பர் யூசுப்புக்குக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் அத்தர் கடை. கடையைப் பெரும்பாலும் மனைவி சலேஹாதான் பார்த்துக்கொள்வார். யூசுப் வாசலில் நின்று வருகிறவர் போகிறவரோடு பேசுவார். புதிய கைப்பேசி வைத்திருந்ததால் அவர் ஒளிப்பதிவாளர் ஆனார். இன்னொரு கைப்பேசியில் வீடியோ அழைப்பைப் போட்டு, கேத்தரினுக்கு எல்லாம் தெரியும்படி பிடித்துக்கொண்டு நிற்பது சலேஹாவின் வேலை.

கதவில்தான் முதல் வேலை தொடங்கியது. கால்வேயில் கேத்தரினுக்குப் பிடித்த கதவு நீலம். யூசுப்பின் கடைப் பக்கவாட்டுக் கதவும் கிட்டத்தட்ட அதே அளவு, அதே மாதிரிப் பலகை. நிறம் மட்டும் பச்சை.

"வேற நீலக் கதவு கிடைக்குமான்னு பாருங்க, யூசுப் அண்ணே," என்றார் கேத்தரின்.

இரண்டு நாள் கழித்து யூசுப் கூப்பிட்டார். "எதுக்குத் தங்கச்சி தேடணும்? நானே நீலம் அடிச்சிட்டேன்."

"ஐயோ, அது உங்க வாப்பா காலத்துக் கதவாச்சே."

"வாப்பாவுக்கும் பச்சை பிடிக்காது. உம்மாவுக்குப் பயந்து அடிச்சாரு," என்றார் யூசுப்.

படப்பிடிப்பு நாளில் கால்வேயில் காலை, பினாங்கில் பிற்பகல். விடுதிச் சமையலறையில் மடிக்கணினிக்கு முன்னால் கேத்தரினும் லூசியாவும் டோனலும். திரையில் சலேஹாவின் கட்டைவிரலும் அதற்குப் பின்னால் வெயிலில் நனைந்த தெருவும். அந்தோணிராஜ் பங்குத் திருவிழாவுக்கு எல்லோருக்கும் ஒரே துணியில் தைத்த பாத்திக் சட்டையில் நின்றார். அதில் அவருக்கு இரண்டு உண்டு. இன்னொன்று கேத்தரினின் பெட்டியில் கால்வே வந்திருந்தது. குளிருக்கு உள்ளே போட்டுக்கொள்ளலாம் என்று எடுத்து வந்ததாக லூசியாவிடம் சொல்லியிருந்தார். ஒருநாளும் போட்டுக்கொள்ளவில்லை, தலையணைக்குப் பக்கத்தில் மடித்து வைத்திருந்தார்.

"நடங்க," என்றார் கேத்தரின்.

அந்தோணிராஜ் தேசிய தின அணிவகுப்பில் போகிறவர் மாதிரி நடந்தார்.

"நடிக்காதீங்க. சும்மா நடங்க."

"சும்மாதானே நடக்கறேன்."

"கேமராவப் பார்க்காதீங்க."

"பார்க்கலன்னா யூசுப் மேல மோதிருவேன்லா."

எத்தனையோ பேருக்கு வலம் திரும்பு, இடம் திரும்பு என்று சொல்லியே பழகியவருக்கு, தான் திரும்புவது பெரும்பாடாக இருந்தது. யூசுப் வேறு நடுவே, "அந்தோணி, வெளிச்சம் உன் மொட்டையில அடிக்குது, குனி" என்று கட்டளை போட்டார். சலேஹா சிரிக்கும்போதெல்லாம் கேத்தரினின் திரையில் பினாங்கே குலுங்கியது.

அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. அந்தோணிராஜ் தெருவில் பத்தடி நடப்பதற்குள் யாராவது அவரைக் கூப்பிட்டார்கள். எல்லாம் அவரிடம் கார் ஓட்டப் படித்தவர்கள். நாசி கண்டார் சோற்றுக்கடையில் கறி ஊற்றிக்கொண்டிருந்த ஒருவர் கரண்டியோடு வெளியே வந்தார்.

"சார், எங்க இவ்ளோ அவசரமா?"

பேசக்கூடாது என்று கேத்தரின் சொல்லித்தான் இருந்தார். ஆனால் மாணவன் கேட்டால் அந்தோணிராஜால் பதில் சொல்லாமல் போக முடியாது.

"வைஃபுக்குக் கண்ணாடி குடுக்கப் போறேன்."

"எங்க இருக்காங்க?"

"அயர்லாந்து."

"ஓ. சரி சார். பார்த்துப் போங்க."

கேத்தரின் நிறுத்தச் சொல்ல வாயெடுத்தார். லூசியா அவர் கையை இறுக்கிப் பிடித்தாள். அவளுக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனாலும் சிரிப்பில் கண் கலங்கியிருந்தது. வேண்டாம், ஓடட்டும் என்று தலையசைத்தாள். கேத்தரின் மறுபடி திரையைப் பார்த்தார். இப்போது அந்தோணிராஜ் அவர் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். கேமராவையும் மறந்தாயிற்று, அணிவகுப்பும் போயிற்று. பூக்கடைப் பக்கத்தில் ஒரு சீனத்துப் பெண் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "சிக்கு, பெர்கி மானா?" என்று, வாத்தியார் எங்கே போகிறார் என்பதை மலாயில் விசாரித்தாள். அவளுக்கும் அதே பதில், மலாயில். அவளும் ஆச்சரியப்படாமல், குடை இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். அயர்லாந்தில் மழை அதிகம் என்று எங்கோ படித்திருக்கிறாளாம்.

"நிறுத்தவே வேணாம், யூசுப் அண்ணே," என்றார் கேத்தரின். "அவர் போற எடமெல்லாம் பின்னாலயே போங்க. யார் பேசினாலும் பேசட்டும்."

அன்று அந்தோணிராஜ் பாசார் வரை போய், வந்த வழியே திரும்பி நடந்தார். கடைசியில் நீலக் கதவைத் திறந்து உள்ளே போனபோது உண்மையாகவே களைத்துப்போயிருந்தார். அதுவும் படத்துக்குப் பொருத்தமாக அமைந்தது.

ஒரே ஒரு தவறு. கதவின் மறுபக்கம் கால்வேயில் வெளியே வரப்போகிறவன் டோனல். முதுகுப் பக்கம்தான் தெரியும். உயரமும், கேத்தரினின் பெட்டியில் வந்த அந்த இன்னொரு சட்டையும் பொருந்தின. தலைதான் உதைத்தது. அவனுக்கு அடர்ந்த சிவப்பு முடி, அந்தோணிராஜுக்கு வழுக்கை. டோனல் பெருந்தன்மையாக மொட்டை அடித்துக்கொள்ள முன்வந்தான். கேத்தரின் அவனைத் தடுத்து, இருவருக்கும் கறுப்புத் தொப்பி என்று முடிவு செய்தார். அந்தோணிராஜ் தொப்பி போட்டுக்கொண்டு கதவுக்குள் இன்னொரு முறை போக வேண்டியதாயிற்று.

"அப்ப தெருவுல நடந்தப்ப தொப்பி எங்க?" என்றார் அவர்.

"வழியில வாங்கினதா இருக்கட்டும்."

"யார்கிட்ட?"

"என்கிட்டதான்," என்று யூசுப் குறுக்கிட்டார். அதையும் எடுத்தார்கள்: வாசலில் நிற்கும் யூசுப், தலை வேகுதே என்று தன் தொப்பியைக் கழற்றி நண்பரின் தலையில் மாட்டுகிறார். முதலில் கைப்பேசியைக் கொடுக்க மறுத்த யூசுப், தான் நடிக்க வேண்டும் என்றதும் சலேஹாவிடம் கொடுத்துவிட்டார்.

கடைசியில் கண்ணாடியைக் கொடுக்கும் கை. டோனலின் வெளுத்த கை உதவாது. அந்தோணிராஜின் கையைப் பினாங்கில் எடுக்க வேண்டும். பின்னால் கால்வேயின் சாம்பல் வானம் இருக்க வேண்டும். பினாங்கிலோ வெயில் கொளுத்தியது. நாள் தவறாமல் மூவரும் பாடாங் கோத்தாவில் கடலோரத்தில் மேகத்துக்காகக் காத்து நின்று, வண்டிக்கடையில் பசம்பூர் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பினார்கள்.

ஒரு காலை நோராவின் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது கேத்தரினின் கைப்பேசி அதிர்ந்தது. சலேஹா.

"கேத்தி, வந்திருச்சு. கறுத்துக்கிட்டு வருது. சீக்கிரம் சொல்லு, ஊத்தப் போவுது."

கேத்தரின் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தாழ்வாரத்துக்கு ஓடினார். திரையில் கடலும் வானமும் ஒரே நிறமாக இருந்தன. யூசுப் கீழே உட்கார்ந்து கைப்பேசியை மேல்நோக்கிப் பிடித்திருந்தார். கேத்தரின் சொல்வதற்கு முன்பே அந்தோணிராஜ் கையை நீட்டிவிட்டார். உள்ளங்கையில் கண்ணாடி. விரலில் கல்யாண மோதிரம். அது எத்தனையோ ஆண்டாகக் கழலுவதில்லை. நகங்களை ஒழுங்காக வெட்டி, கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்திருந்தார். ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன இடத்தில் ஒரு மழைத்துளி விழுந்தது. கை அசையவில்லை.

கேத்தரின் கைப்பேசியை முகத்துக்கு அருகே கொண்டுபோனார்.

"எடுத்தாச்சா?" என்று கேட்டது படத்துக்கு வெளியே இருந்து அந்தோணிராஜின் குரல். "கை வலிக்குதுலா."

"எடுத்தாச்சுங்க," என்றார் கேத்தரின். "ரொம்ப நல்லா வந்திருக்கு."

திரும்பிப் பார்த்தால் பின்னால் நோரா நின்றிருந்தார். வகுப்பு முழுவதும் அவருக்குப் பின்னால் தாழ்வாரத்தில் கூடியிருந்தது.

கண்ணாடியை வாங்கிக்கொள்ளும் காட்சியை லூசியா கால்வே துறைமுகச் சுவரோரம் எடுத்தாள். ஒரு நாளில் முடிந்துவிட்டது. சாம்பல் வானத்துக்கு அங்கே பஞ்சமில்லை. கேத்தரின் வந்த முதல் நாளே மருந்துக்கடையில் வாங்கியிருந்த கறுப்புச் சட்டக் கண்ணாடியும், அதே மாதிரி வேண்டும் என்று யூசுப் ஊரெல்லாம் தேடி வாங்கியதும் திரையில் ஒன்றாகவே தெரிந்தன. படத்தில் மனைவியாக நடித்தது கேத்தரின்தான். வேறு யார் நடிப்பது?

*

கடைசி நாள் மாலை, பள்ளியின் சின்ன அரங்கத்தில் எல்லாப் படங்களையும் போட்டார்கள். வெளியே இன்னும் வெயில். கேத்தரினின் படம் வந்தபோது அவர் கடைசி வரிசைக்குப் போய் நின்றுகொண்டார். 'அயர்லாந்து' என்ற பதிலைக் கேட்டு முதல் முறை சிலர் சிரித்தார்கள். இரண்டாம் முறை எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக வந்து கேட்கக் கேட்க, அரங்கமே அந்தோணிராஜோடு சேர்ந்து பதில் சொல்ல ஆரம்பித்தது. கதவு திறந்தது, டோனலின் முதுகு கால்வே மழைக்குள் இறங்கியது. யாரோ கைதட்டினார்கள். பிறகு அந்தக் கை. திரையில் கேத்தரின் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, நிமிர்ந்து பார்த்து, "சாப்டீங்களா?" என்று கேட்டார். படம் முடிந்தது.

விளக்குப் போட்டதும் இன்னொரு ஆசிரியர் வந்து, கணவரின் விமானச் செலவைப் பள்ளி கொடுத்ததா என்று கேட்டார். டோனல் தொப்பியைக் கழற்றிச் சிவப்பு முடியைக் காட்டி அவருக்கு வணக்கம் வைத்தான்.

பினாங்கு விமான நிலையத்தில் அந்தோணிராஜ் பெட்டியை வாங்கி வண்டியில் வைத்ததும் கேட்ட முதல் கேள்வி, "என் நடிப்பு எப்படி?" என்பதுதான்.

"நீங்க நடிக்கவே இல்லீங்க. அதான் நல்லா இருந்திச்சு."

அது பாராட்டா குறையா என்று வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே ஓட்டினார்.

பங்கு மண்டபத்தில் படத்தைப் போட்டபோது நாற்காலிகள் போதவில்லை. கரண்டிக்காரர் குடும்பத்தோடு வந்திருந்தார். சீனத்துப் பெண் தன் அம்மாவைக் கூட்டிவந்திருந்தாள். திரையில் தங்கள் முகம் வந்தபோதெல்லாம் அந்தந்த மூலையில் ஆரவாரம். மிஷெல் கோலாலம்பூரில் இருந்து வந்து முதல் வரிசையில் உட்கார்ந்து, தொடக்கத்திலிருந்து கடைசி வரை அழுதுகொண்டே சிரித்தாள். யூசுப் தன் தொப்பிக் காட்சியை இன்னொரு முறை போடச் சொன்னார். போட்டார்கள்.

மண்டபத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தபோது சலேஹா கேத்தரினைத் தனியாக இழுத்தார்.

"எல்லாரும் நடிச்சிட்டீங்க. நான் மட்டும் போனைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

"அடுத்ததுல நீங்கதான்கா ஹீரோயின்."

"கதை நானே வச்சிருக்கேன். கூப்பிடாத கல்யாணத்துக்கெல்லாம் போய்ச் சாப்பிட்டுட்டு வர்ற ஒரு பொம்பள. சாகற சீன் வேணாம். வசனம் நெறைய வேணும்."

அந்தக் கதையைத்தான் இப்போது எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். முதல் காட்சிக்கு, சிம்பாங் அம்பாட்டில் யூசுப்பின் உறவில் நடந்த ஓர் உண்மையான கல்யாணத்தில் சொல்லிவைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு விஷயம் தெரியும். பெண் வீட்டில் யாருக்கும் தகவல் போய்ச் சேரவில்லை. பட்டில் தைத்த மலாய்க் குருங் உடை உடுத்திக் கம்பீரமாக உள்ளே நுழைந்த சலேஹாவைப் பார்த்து, இவர் மாப்பிள்ளை வீட்டுப் பெரிய மனுஷி என்று நினைத்து, பெண்ணின் அம்மா கையைப் பிடித்து அழைத்துப்போய் முதல் மேசையில் உட்கார வைத்தார். நெய்ச்சோறு வந்தது. கூடவே ஒலிவாங்கியும் வந்தது. மணமக்களை வாழ்த்தி நாலு வார்த்தை பேச வேண்டுமாம்.

மண்டபத்தின் மறுகோடியில் இருந்த கேத்தரினை சலேஹா ஒருமுறை பார்த்தார். பிறகு எழுந்து நின்று, புடவைக் கடையில் பேரம் பேசுவதுபோலச் சரளமாகப் பேச ஆரம்பித்தார். இந்தப் பெண்ணைச் சின்ன வயதிலிருந்தே தெரியும் என்றார். அவள் நடக்கப் பழகியதைச் சொன்னார், அவள் குணத்தைச் சொன்னார். பெண்ணின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மணப்பெண் மட்டும், இவர் யார் என்று புரியாத முகத்தோடு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

யூசுப் பதறிப்போய்க் கேத்தரினின் தோளைத் தட்டினார். "தங்கச்சி, நிறுத்தச் சொல்லு. அடிச்சு வெரட்டப் போறாங்க."

கேத்தரின் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சும்மா இருங்க அண்ணே," என்றார். "அக்கா இப்பத்தான் மாப்பிள்ளையப் பத்திப் பேச ஆரம்பிக்கறாங்க."